மகேஸ்வரி அக்காவின் கோன் எழுத்து

கிரீம் அடைத்த கோனின் நுனியைக் கத்தரித்து, முதல் சொட்டைத் தன் இடதுகைக் கட்டைவிரல் நகத்தில் இட்டுப் பார்த்ததும் மகேஸ்வரி மூச்சை நிறுத்திவிடுகிறாள். இனி அடுப்பில் பஃப்ஸ் தீய்ந்தாலும், யார் பெயர் சொல்லி அழைத்தாலும் அவள் காதில் ஏறாது. வெண்ணிலா கேக்கின் வெள்ளைப் பரப்பில் ‘ஹேப்பி’ ஒரு மூச்சு, ‘பர்த்டே’ ஒரு மூச்சு. எழுத்துக்கு எழுத்து கையைத் தூக்கும் வழக்கமே கிடையாது. ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். எழுதி முடித்து, அடக்கிய மூச்சை விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வருவாள். ‘ஐ’ இருந்தால் தலையில் ஒரு புள்ளி. ‘டி’ இருந்தால் கழுத்தில் ஒரு குறுக்குக்கோடு. புள்ளிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பொட்டு. குறுக்குக்கோட்டுக்குப் பெயர் துண்டு. “பொட்டு வச்சு, துண்டு போட்டு விட்டாத்தான் எழுத்து சபைக்குப் போகும்” என்பாள். பிறகு கோனைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஷோகேஸ் பக்கம் ஒரு நோட்டம் விடுவாள்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நாகல்நகர் போகும் வழியில் இருக்கிறது பிரிட்டோவின் பேக்கரி. அங்கே மகேஸ்வரிக்குச் சம்பளம் கொடுப்பது என்னவோ பொட்டலம் கட்டுவதற்குத்தான். கேக்கில் பெயர் எழுதுவது அவளாகப் பிடித்துக்கொண்ட பதவி. முன்பு எழுதிக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார். கேக்குக்குச் சொன்ன வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பிரிட்டோ கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில் மகேஸ்வரி கோனை எடுத்து எழுதிவிட்டாள். வாடிக்கையாளர் வாயை மூடிக்கொண்டு கேக்கை வாங்கிப் போனார். அன்றிலிருந்து கோனை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை.

அவள் படித்தது சேவுகம்பட்டியில், எட்டாவது வரை, தமிழ் வழியில். ஆங்கிலக் கூட்டெழுத்து அவளுக்கு வந்தது மகள் கீர்த்தனாவின் யூகேஜி வீட்டுப்பாடம் வழியாக. நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வரச் சொல்வார்கள். கீர்த்தனா இரண்டாவது வரியிலேயே தூங்கி விழுந்துவிடுவாள். மீதியை அம்மா எழுதுவாள். முதலில், பிள்ளை எழுதியது போல் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதினாள். அப்புறம் ஆசை பிடித்துக்கொண்டது. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய், கூட்டெழுத்து நோட்டே இல்லாமல் போன பிறகும் அம்மா தனக்கென்று ஒரு நாலு கோடு நோட்டு வாங்கி வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள்.

இப்போது கீர்த்தனா கோவையில் வேலை பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் ‘சாப்டியாம்மா’ என்று தட்டி அனுப்புவாள். மகேஸ்வரி தட்ட மாட்டாள். ஒரு தாளை எடுத்து, ஆங்கில எழுத்தில் ‘சாப்ட்டேன், ரசமும் பீன்ஸ் வெஞ்சனமும்’ என்று கூட்டெழுத்தில் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புவாள். கோன் பிடித்துப் பழகிய கை என்பதால் பேனாவிலும் எழுத்து பெரிது பெரிதாகத்தான் வரும். ரசத்துக்கே ஒரு பக்கம் போய்விடும், பீன்ஸுக்கு இன்னொரு பக்கம். “அம்மா, தயவுசெஞ்சு டைப் பண்ணும்மா, நீ என்ன சாப்ட்டேன்னே தெரியல” என்று மகள் பதில் போடுவாள். தனித்தனியாக நிற்கும் அச்செழுத்தைப் பார்த்தாலே மகேஸ்வரிக்குப் பாவமாக இருக்கும். “ஒண்ணுக்கொண்ணு பேசிக்காம நிக்கிதுக பாரு, பாகப்பிரிவினை ஆன வீடு மாதிரி” என்பாள்.

வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுதுகிற வழக்கமும் அவளிடம் கிடையாது. ஒரு இளைஞன் வந்து, காதலிக்கு என்று சொல்லாமல் ‘ஃபிரெண்டுக்கு’ என்று சொல்லி, ஏழெட்டு ஆங்கிலச் சொற்களை வரிசையாக ஒப்பித்தான். செல்லம், தங்கம், உயிர், உலகம் எல்லாம் அதில் இருந்தன. மகேஸ்வரி கேக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “தம்பி, அரைக் கிலோ கேக்குல அம்புட்டு பாசம் கொள்ளாது. ஒண்ணு பாசத்தக் கொறை, இல்ல கிலோவக் கூட்டு.” அவன் உலகத்தை விட்டுவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொண்டான்.

எழுத்துக்கூட்டலும் அவள் இஷ்டம்தான். “பேரை மட்டும் சொல்லுங்க, ஸ்பெல்லிங்க நான் பாத்துக்கிறேன்” என்று, பெயரைக் காட்ட அவர்கள் நீட்டும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பக்கத்துத் துணிக்கடை அப்துல் ஹக்கீம் தன் பெயரில் கேக் சொன்னபோது, ஹக்கீமில் வரும் ‘ஈ’ என்ற சுழி எழுத்து கைக்கு இதமாக ஓடியதால் இரண்டு போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டுவிட்டாள். “என்னக்கா, எம்பேரு நீண்டு போச்சு?” என்றார் அவர். “ஆயுசும் நீளட்டும் பாய், வாங்கிட்டுப் போங்க” என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். கண்ணன், முனியம்மாள் போன்ற பெயர்கள் அவளுக்கு ஆகாது. கூட்டெழுத்தில் அவற்றின் ‘என்’னும் ‘எம்’மும் மேடும் பள்ளமுமாகவே போய்க்கொண்டிருக்கும். எத்தனை மேடு போட்டோம் என்று பாதி வழியில் கணக்குத் தப்பிவிடும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. எந்தக் கேக்கை வெட்டும்போது கூட இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறதோ, அந்த டப்பாவில் மெழுகுவர்த்தியை வைக்க மாட்டாள். கேக் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்து, “ஐயையோ, மெழுகுவர்த்திய விட்டுட்டாங்களே, பாவம், குடுத்துட்டு வாரேன்” என்று ஸ்கூட்டியை எடுத்துவிடுவாள். போன இடத்தில் வாசலோடு திரும்ப மாட்டாள். பெயரை யார் முதலில் வாசிக்கிறார்கள், எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு துண்டும் தின்றுவிட்டுத்தான் வருவாள்.

இப்படி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தவளுக்கு வினை வந்தது முதலாளியின் கல்யாண நாளில். கேக்கில் தம்பதி இருவரின் பெயரையும் எழுதச் சொல்லியிருந்தார் பிரிட்டோ. மகேஸ்வரி ஒரே மூச்சில் எழுதினாள். ‘ஐ’க்குப் பொட்டு வைத்தாள். துண்டு போடப் போகிற நேரத்தில் யாரோ தேங்காய் பன் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து டப்பாவை மூடிவிட்டாள். பிரிட்டோவின் பெயரில் வரும் இரண்டு ‘டி’களும் துண்டில்லாமல் ‘எல்’ எழுத்துகளாகி நின்றன. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையிலும் அவர் மனைவி கேக்கைக் குனிந்து பார்த்து, “பிரில்லோ” என்று உரக்க வாசித்தார். அன்று முதல் மனைவியின் போனில் அவர் பெயர் பிரில்லோதான். மைதா மூட்டை இறக்க வருகிறவர் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது.

அதே வாரத்தில் முகேஷ்குமார் என்ற கல்லூரி மாணவர் வேறு, “இது யாரோட கேக்குங்க? மாத்திக் குடுத்துட்டீங்க” என்று தன் கேக்கையே திருப்பிக் கொண்டுவந்தார். எழுத்தெழுத்தாக விரல் நீட்டிக் காட்டி, இதுதான் அவர் பெயர் என்று மகேஸ்வரி நிரூபித்தாள். ஆனாலும் அவர் நம்பவில்லை.

பிரிட்டோ பொறுமைசாலி. கத்தவில்லை. கல்லாவை மூடிவிட்டு வந்து சொன்னார்: “அக்கா, இப்ப உள்ள பிள்ளைக ஒருத்தருக்கும் சேத்து எழுதுனா படிக்கத் தெரியல. இனிமே அச்செழுத்துதான். தனித்தனியா, பெருசா. எழுத்து வெளங்கலன்னு இன்னும் ஒரே ஒரு போன் வந்துச்சுன்னா கோனை வச்சிட்டு அடுப்புப் பக்கம் போயிருங்க.”

பொட்டலம் கட்டும் பெண்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பேக்கரிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, “இந்தக்காதான் எழுதுறது” என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வது அவள் ஒருத்தியைப் பார்த்துத்தான். அந்தப் பேச்சு காதில் விழாதது போல் நின்றுகொண்டு அதைக் கேட்பதுதான் அவளுடைய நாளின் சுகம். கோன் இல்லாத மகேஸ்வரியை மகேஸ்வரியாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அச்செழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கையைத் தூக்கி, கையை வைத்து, மூச்சு வாங்கினாள். அவள் எழுதிய ‘ஹேப்பி’யைப் பார்த்தால் யாருக்கும் மகிழ்ச்சி வராது.

அப்படி இருக்கும்போதுதான் முத்துக்கிருஷ்ணன் வந்தார். ஆயக்குடியிலிருந்து கொய்யா எடுத்து வந்து திண்டுக்கல்லில் மொத்தமாகக் கொடுக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடைக்குள் வந்து எதையும் வாங்காமல் ஷோகேஸை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிரிட்டோ பின்கட்டுக்குப் போனதும் மகேஸ்வரியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எக்கா, கேக்குல எழுதுறது நீங்கதான?”

“ஆமாண்ணே. என்ன, கம்ப்ளைன்டா?”

“இல்லக்கா. நீங்க எழுதுனா ஒருத்தருக்கும் வெளங்காதுன்னு சொன்னாக. அதான் தேடி வந்தேன்.”

மகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒரு மனிதர் இவ்வளவு ஆசையாக வந்து அவமானப்படுத்தி அவள் பார்த்ததில்லை. என்ன ஏது என்று கேட்டாள். முத்துக்கிருஷ்ணன் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி மணிமேகலை ஒரு நர்சரிப் பள்ளியில் யூகேஜி மிஸ். பிள்ளைகளுக்குக் கூட்டெழுத்து சொல்லிக்கொடுப்பதுதான் அவளுக்கு முக்கிய வேலை. அவளுடைய அண்ணன் வீட்டு விருந்தில், பேச்சோடு பேச்சாக முத்துக்கிருஷ்ணன் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். ஊரே போனில் தட்டுகிற காலத்தில், இவள் மட்டும் பச்சைப் பிள்ளைகளுக்கு நூல் சிக்கல் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னாராம். பந்தியே சிரித்தது. மணிமேகலையும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன வேண்டுமானாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறாள். ஆங்கிலத்தில். அதுவும் கூட்டெழுத்தில்.

“‘டால்’னு எழுதிருக்காக்கா. பருப்பு. எனக்கு அது ‘ஆயில்’னு தெரிஞ்சுச்சு. மூணு பாக்கெட்டு எண்ண வாங்கிட்டுப் போயிட்டேன். அன்னையிலருந்து சாம்பாரே கெடையாது. அம்புட்டு எண்ணையிலயும் அப்பளமா பொரிச்சுப் போடுறா.”

மகேஸ்வரிக்கு அந்த மணிமேகலையைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது. “ஒரு சாரி கேட்டுட்டுப் போங்களேண்ணே” என்றாள்.

“கேக்கலாம். வீட்டுல அம்மா இருக்கே. மவன் பொண்டாட்டிகிட்ட சாரி கேட்டான்னு தெரிஞ்சா செவனேன்னு இருக்குமா? பாய விரிச்சுப் படுத்துரும். சோறு தண்ணி எறங்காது.”

“வாட்ஸ்அப்புல போடுங்க.”

“பிளாக் பண்ணிட்டா.”

நாளைக்கு மணிமேகலைக்குப் பிறந்தநாள். கேக்கில் வாழ்த்துக்குக் கீழே சின்னதாக ஒரு ‘சாரி’ வேண்டும். அவளுக்கு மட்டும் விளங்க வேண்டும், வேறு யாருக்கும் விளங்கக் கூடாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மச்சான் ஆனந்த்ராஜ் வருவார். அவருக்குப் போனில் வருகிற எழுத்து மட்டும்தான் தெரியும், கூட்டெழுத்தைக் கண்டால் ஓடுவார். ஆகவே திண்டுக்கல்லில் இந்த வேலைக்கு மகேஸ்வரியை விட்டால் ஆளில்லை என்று முடித்தார் முத்துக்கிருஷ்ணன். “யார்கிட்டயும் சொல்லிறாதீகக்கா. ஒங்கள நம்பித்தான்.”

மகேஸ்வரி பின்கட்டைப் பார்த்தாள். அங்கே பிரிட்டோ ரொட்டித் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு போன் என்று அவர் சொன்னது காதில் இருந்தது. இந்தக் கேக்கால் பிரச்சினை வந்தால் கோன் போய்விடும். ஆனால் கூட்டெழுத்துதான் வேண்டும் என்று ஒருவர் தேடி வந்து கேட்பது இதுதான் முதல் தடவை. கை ஊறியது. “நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கங்கண்ணே” என்றாள்.

மறுநாள் பிரிட்டோ போனில் பேசிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மூச்சை நிறுத்தினாள். ஓரமெல்லாம் சிவப்பு ஜெல் பூக்கள். நடுவில் வாழ்த்தும் ‘மணி’யும். அதன் கீழே, கொஞ்சம் சரிவாக, ‘சாரி’. பிரிட்டோ பேச்சை முடித்துக்கொண்டு வருவது கண் ஓரத்தில் தெரிந்தது. கடைசி எழுத்தை அவசரமாக வாலோடு இழுத்து முடித்து டப்பாவை மூடினாள்.

“அச்செழுத்துதானக்கா?” என்றார் பிரிட்டோ.

“பின்ன?” என்றாள். அந்த ஒரு சொல்லில் பொய் எங்கே இருக்கிறது என்று யாரும் பிடிக்க முடியாது.

மெழுகுவர்த்தியை டப்பாவில் வைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகேஸ்வரியின் ஸ்கூட்டி நந்தவனப்பட்டியில், முத்துக்கிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் மேசைமேல் கேக். நாற்காலியில் முத்துக்கிருஷ்ணனின் அம்மா ஜக்கம்மாள். புதுச் சுடிதாரில், முகத்தில் ஒன்றும் காட்டாமல் மணிமேகலை. அவள் அண்ணன் ஆனந்த்ராஜ் வீடியோ எடுக்கப் போனை நீட்டிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் கதவோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

ஆனந்த்ராஜ் கேக்குக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோய் எழுத்தெழுத்தாகத் துழாவினார். “ஹேப்பி... பர்த்டே... மணி. சரி. அதுக்குக் கீழ என்னமோ இருக்கே மாப்ள? எஸ், ஓ, என், என், ஒய்... சன்னி?”

“ஜன்னியா?” என்று ஜக்கம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “ஆத்தாடி, நல்ல நாளும் அதுவுமா யாருக்கு ஜன்னி கண்டுச்சு?”

“காச்சல் இல்லத்த. பேரு. சன்னின்னு ஒரு பேரு.” ஆனந்த்ராஜ் போனைக் கீழே இறக்கினார். குரலும் இறங்கியது. “மாப்ள, எந்தங்கச்சி கேக்குல சன்னிக்கு என்ன வேல?”

கதவோரத்திலிருந்து மகேஸ்வரி கேக்கை எட்டிப் பார்த்தாள். ‘ஆர்’ எழுத்துக்குத் தலைப்பக்கம் ஒரு சின்னத் தோள் வேண்டும். பிரிட்டோ வருகிற பதற்றத்தில் அவள் அந்தத் தோளை வழித்துவிட்டிருக்கிறாள். ‘சாரி’யில் இருந்த இரண்டு ‘ஆர்’களும் இரண்டு ‘என்’களாகி உட்கார்ந்திருந்தன. முத்துக்கிருஷ்ணன் அவளைப் பார்த்த பார்வையில், கொய்யா லாரி கவிழ்ந்த செய்தி வந்த மாதிரி ஒரு கலவரம்.

மணிமேகலை கேக்கைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய உதட்டோரம் லேசாக அசைந்து அடங்கியதை மகேஸ்வரி கவனித்தாள். வாசித்துவிட்டாள்! தினமும் பிள்ளைகளின் கிறுக்கல்களில் நீந்துகிறவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஆனால் நிமிர்ந்தபோது மணிமேகலையின் முகம் பச்சைப் பிள்ளையின் முகமாக இருந்தது.

“எனக்கும் வெளங்கல. நீங்கதான எழுதச் சொன்னீங்க? நீங்களே படிங்க.”

எத்தனையோ நாளுக்குப் பிறகு மனைவி தன்னோடு பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் முத்துக்கிருஷ்ணனுக்கு ஒரு நொடிதான் நீடித்தது. அம்மாவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். “சா... சாரி” என்று முணுமுணுத்தார்.

“சாரியா?” என்றாள் ஜக்கம்மாள். “சேலையா? மருமவளுக்குச் சேலை எடுக்கப் போறியா?”

“ஆமாம்மா. சேலைதான். வேறென்ன?” முத்துக்கிருஷ்ணன் அந்தச் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பட்டா?”

“பட்டுதாம்மா.”

“எடுக்குறதுதான் எடுக்குற, ஒத்தச் சேலையா எடுப்ப? கடைக்குப் போறப்ப நானும் வாரேன்” என்று ஜக்கம்மாள் மறுபடி உட்கார்ந்தாள்.

ஆனந்த்ராஜுக்கு மனம் ஆறவில்லை. சேலை வாங்கித் தருவதைக் கேக்கில் எழுதுகிறவன் எவன் என்று கேட்டார். அப்படியே எழுதினாலும் அங்கே ‘என்’ எதற்கு வந்தது என்று கேட்டார். டப்பா மூடியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்துப் பேக்கரிக்கே போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டார். கேக்கில் ஏதோ ஒரு பெயர் தப்பாக வந்திருக்கிறது என்றார்.

“எப்படி எழுதிருக்கு சார்?” பிரிட்டோவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “தனித்தனியாவா, சேத்தா?”

“சேத்துத்தான். நூடுல்ஸ் கணக்கா.”

பிரிட்டோ பெருமூச்சு விட்டார். “மன்னிச்சிருங்க சார். அந்தக்காகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நாளையிலருந்து அவுக கோனைத் தொட மாட்டாக. ஒங்களுக்கு வேற கேக்கு அனுப்பி விடுறேன்.”

மகேஸ்வரி ஓரடி முன்னால் வைத்தாள். அது சன்னி இல்லை, சாரி, மன்னிப்புக் கேட்கிற சாரி என்று இங்கிருந்தே ஒரு சத்தம் போட்டால் போதும், கோன் பிழைத்துவிடும். ஆனால் அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரே ஜக்கம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். முதலாளியிடம் நாளொன்றுக்கு எத்தனையோ சாக்குச் சொல்கிற மகேஸ்வரி, வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியதை மறைக்கச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

மணிமேகலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகத்தில் காய்ந்திருந்த சிவப்பு கிரீமைப் பார்த்தாள். “எழுதுனது நீங்களாக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். மகேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். மணிமேகலை அண்ணன் கையிலிருந்த போனை வாங்கினாள்.

“சார், நான் யூகேஜி மிஸ் பேசுறேன். கூட்டெழுத்து சொல்லிக் குடுக்குறதுதான் என் பொழப்பு. இந்தக் கேக்குல ஒரு தப்பும் இல்ல. ‘சாரி’ன்னு எழுதிருக்கு. சேலை இல்ல. எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதுன சாரி. படிக்கத் தெரியாம எங்கண்ணன் ஒங்களுக்குப் போன் போட்டுட்டாரு.”

“சாரிங்க மேடம்” என்றார் பிரிட்டோ பதறி.

“நீங்க எதுக்கு சார் சாரி கேக்குறீங்க? அந்தக்கா கையில இருக்குற கோனைப் புடுங்காதீங்க, அது போதும். நல்லா எழுதுறாக. படிக்கத்தான் ஆள் இல்ல.”

“சரிங்க மேடம். அவுகளே எழுதட்டும்” என்று சொல்லிவிட்டு பிரிட்டோ போனை வைத்தார்.

ஆனந்த்ராஜ் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். முத்துக்கிருஷ்ணன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் எந்த மூலையில் சுருட்டி வைத்திருக்கிறது என்று அவர் கண்கள் தேடியதாக மகேஸ்வரிக்குப் பட்டது. ஜக்கம்மாள் மகனை மேலும் கீழும் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

“அப்ப சேலை இல்லையா?” என்றாள்.

“எடுக்கலாம் அத்த. அதான் வாயால சொல்லிட்டாருல்ல. ஒங்களுக்கும் எனக்கும் ரெண்டு பட்டா எடுக்கலாம்” என்றாள் மணிமேகலை, கணவரை விட்டுக் கண்ணை எடுக்காமல். முத்துக்கிருஷ்ணன் வேகவேகமாகத் தலையை ஆட்டினார். பட்டின் விலை அவர் நினைவுக்கு வந்ததாகவே தெரியவில்லை. அவள் பேசிவிட்டாள், அதுவும் முழு வாக்கியமாக.

மணிமேகலை கேக் பக்கம் குனிந்தாள். ஓரத்துச் சிவப்பு ஜெல் பூவில் ஆள்காட்டி விரலைத் தொட்டு, இரண்டு ‘ஆர்’ எழுத்துகளுக்கும் விட்டுப்போயிருந்த தோளை ஒவ்வொன்றாக வைத்தாள். மகேஸ்வரியைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள். பிறகு விரலை மறுபடியும் சிவப்பில் தொட்டு, நோட்டுத் திருத்துகிற அதே வேகத்தில், ‘சாரி’க்குக் கீழே நீளமாக ஒரு டிக் போட்டாள்.

முத்துக்கிருஷ்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த டிக்கைத் தனக்குப் போட்டதாகவே எடுத்துக்கொண்டு, கத்தியை மனைவியின் கையில் கொடுத்து, முதல் வெட்டு அங்கேதான் விழ வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டினார்.

அதற்குள் கதவோரத்திலிருந்து மேசைக்கு வந்துவிட்டிருந்த மகேஸ்வரி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கேக் அட்டையை மெல்லச் சுழற்றி, அந்த டிக் தன்னைப் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டாள்.